பல மதிப்புகளைக் கொண்டு தரவுத்தளப் பதிவுகளை வடிகட்டுவது எப்படி

அட்டவணையின் ஒரு புலத்தில் (நெடுவரிசையில்) ஒரே ஒரு மதிப்பைத் தேடுவது எவருக்கும் எளிது. தேட வேண்டிய மதிப்புகள் நான்காகவோ நாற்பதாகவோ நாலாயிரமாகவோ ஆகும்போதுதான் வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, எழுதுபவர் தடுமாறுகிறார். தடுமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் கட்டளையின் இலக்கணம் அன்று. கேள்வியைப் பிரித்துப் பார்க்காமல் எழுதத் தொடங்குவதுதான். "இந்தப் பட்டியலில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்" என்பது ஒரு கேள்வி. "இந்தப் பட்டியலில் எதுவுமே இருக்கக் கூடாது" என்பது இன்னொன்று. "இந்தப் பட்டியலில் உள்ள அனைத்துமே இருக்க வேண்டும்" என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் எழுத வேண்டிய வினவல்கள் வெவ்வேறு என்பதோடு, அவை தவறும் விதங்களும் வெவ்வேறு. ஆகவே முதலில் கேட்பது எந்தக் கேள்வி என்பதை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே விசைப்பலகையில் கை வைக்க வேண்டும்.

விளக்கத்துக்காகக் காவிரி டெல்டாவின் நெல் சாகுபடிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 'ஊர்கள்' என்ற அட்டவணையில் எண், பெயர், வட்டம், மாவட்டம் ஆகிய புலங்கள் உள்ளன. 'சாகுபடி' என்ற அட்டவணையில் ஊர்_எண், ஆண்டு, பருவம், ரகம், பரப்பு ஆகியவை உள்ளன. இங்கே ஆண்டு என்பது சாகுபடி ஆண்டு. குறுவைக்குப் பின் வரும் தாளடிப் பருவத்தின் அறுவடை அடுத்த நாட்காட்டி ஆண்டில்தான் முடியும் என்பதால், இதை வடிவமைக்கும்போதே தீர்மானித்துவிடுவது நல்லது. வினவல்களை எழுதப் பயன்படும் எஸ்கியூஎல் மொழியின் கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும்

டெல்டா மாவட்டங்கள் நான்கிலும் உள்ள ஊர்களை எடுக்க வேண்டும் என்றால் 'இன்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

செலக்ட் எண், பெயர், வட்டம்
ஃப்ரம் ஊர்கள்
வேர் மாவட்டம் இன் ('தஞ்சாவூர்', 'திருவாரூர்', 'நாகப்பட்டினம்', 'மயிலாடுதுறை');

மாவட்டம் = 'தஞ்சாவூர்' ஆர் மாவட்டம் = 'திருவாரூர்' என்று நான்கு முறை எழுதினாலும் இதே விடைதான் கிடைக்கும்; பொருளில் வேறுபாடு எதுவும் இல்லை. ஆயினும் 'இன்' வடிவத்தையே நான் பரிந்துரைக்கிறேன். நீளம் குறைவது அதற்கான முதன்மைக் காரணம் அன்று. 'அண்ட்' என்ற சொல் 'ஆர்' என்பதைவிட இறுக்கமாகப் பிணைக்கும் என்பதை மறந்துவிட்டு எழுதப்படும் வினவல்கள் ஏராளம். எடுத்துக்காட்டாக, 2023ஆம் ஆண்டின் குறுவை, தாளடிப் பதிவுகளை எடுக்க நினைத்து ஒருவர் இப்படி எழுதுகிறார்:

வேர் ஆண்டு = 2023 அண்ட் பருவம் = 'குறுவை' ஆர் பருவம் = 'தாளடி'

தரவுத்தளம் இதை "2023இன் குறுவை, அல்லது எந்த ஆண்டின் தாளடியும்" என்றே படிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. தாளடிப் பரப்பு மட்டும் பல மடங்கு பெருகி நிற்கும். அடைப்புக்குறி இட்டு இதைச் சரிசெய்யலாம் என்றாலும், பருவம் இன் ('குறுவை', 'தாளடி') என்று எழுதிவிட்டால் இந்தத் தவற்றுக்கு இடமே இல்லாமல் போகிறது.

இரண்டு புலங்களை இணையாகப் பொருத்த வேண்டிய இடத்தில் இன்னொரு வகைச் சறுக்கல் உண்டு. ஊர்கள், சாகுபடி அட்டவணைகளை ஊர் எண்ணால் இணைத்துக்கொண்டு, கும்பகோணத்தின் குறுவையும் பட்டுக்கோட்டையின் சம்பாவும் மட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்துக்கு ஒரு 'இன்', பருவத்துக்கு ஒரு 'இன்' என்று இரண்டை 'அண்ட்' கொண்டு இணைத்தால், கும்பகோணத்தின் சம்பாவும் பட்டுக்கோட்டையின் குறுவையும் சேர்ந்தே வந்துவிடும். இணைகளாகவே கேட்க வேண்டும்:

வேர் (வட்டம், பருவம்) இன் (('கும்பகோணம்', 'குறுவை'), ('பட்டுக்கோட்டை', 'சம்பா'))

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இந்த வடிவத்தை ஏற்கும். எஸ்கியூஎல் சர்வர் ஏற்காது. அங்கே இணைகளை ஒரு சிறு அட்டவணையாக்கி ஜாயின் செய்ய வேண்டும், அதாவது பொதுவான புலங்களின் வழியே இரண்டு அட்டவணைகளையும் இணைக்க வேண்டும்.

பட்டியல் எங்கிருந்து வருகிறது

வினவலுக்குள் கையால் எழுதிய பட்டியலுக்கு ஆயுள் குறைவு. மேலே எழுதிய நான்கு மாவட்டங்களையே பாருங்கள். 1991இல் நாகப்பட்டினமும் 1997இல் திருவாரூரும் தனி மாவட்டங்கள் ஆகும் முன்பு, இவை யாவும் ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டமாகவே இருந்தன. மயிலாடுதுறை 2020இல்தான் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்தது. 2019இல் எழுதப்பட்ட ஓர் அறிக்கைக்குள் மூன்று பெயர்கள் மட்டும் இருந்திருக்கும். மயிலாடுதுறையின் பதிவுகள் புதிய மாவட்டப் பெயரில் வரத் தொடங்கியதும், அந்த அறிக்கை அவற்றை ஓசையின்றி விட்டுவிடும். டெல்டாவின் சாகுபடிப் பரப்பே குறைந்துவிட்டது போல எண்கள் காட்டும். படிப்பவர் தண்ணீர் தட்டுப்பாட்டையோ வேறெதையோ காரணமாக எண்ணிக்கொள்வார். வினவலில் எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ இல்லாததால், இதைக் கண்டுபிடிக்க எவருக்கும் எளிதில் தோன்றாது.

பட்டியலும் தரவுதான், அது இருக்க வேண்டிய இடம் அட்டவணை. குழு, மாவட்டம் என்ற இரண்டு புலங்களோடு 'மாவட்டக்_குழு' என்ற சிறு அட்டவணையை உருவாக்கிக்கொண்டால், எல்லா அறிக்கைகளும் அதையே கேட்கலாம்:

செலக்ட் எண், பெயர்
ஃப்ரம் ஊர்கள்
வேர் மாவட்டம் இன்
(செலக்ட் மாவட்டம் ஃப்ரம் மாவட்டக்_குழு வேர் குழு = 'டெல்டா');

நாளை ஒரு மாவட்டம் பிரிந்தாலும் ஓர் இடத்தில் ஒரு பதிவைச் சேர்த்தால் போதும். இதே வினவலை ஜாயின் கொண்டும் எழுதலாம் என்று பலர் கூறுவர்; உண்மைதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மாவட்டக்_குழு அட்டவணையில் அதே இணை தவறுதலாக இரண்டு முறை பதிந்திருந்தால், ஜாயின் ஒவ்வோர் ஊரையும் இரண்டு முறை திருப்பித் தரும். 'இன்' அப்படிச் செய்யாது, ஏனெனில் அது "இருக்கிறதா, இல்லையா" என்று மட்டுமே கேட்கிறது. வடிகட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால் 'இன்' அல்லது 'எக்ஸிஸ்ட்ஸ்' (அடைப்புக்குறிக்குள் உள்ள வினவல் ஒரு பதிவையாவது தருகிறதா என்று பார்ப்பது) போதும். அந்த அட்டவணையின் பிற புலங்களும் விடையில் வேண்டும் என்றால்தான் ஜாயின் தேவை.

எதுவுமே இருக்கக் கூடாது

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 'நாட் இன்' என்பது 'இன்' என்பதன் எளிய எதிர்ச்சொல் போலத் தோன்றும். பட்டியலில் ஒரே ஒரு 'நல்' (நிரப்பப்படாத மதிப்பு) நுழைந்துவிட்டால் அது அப்படி நடந்துகொள்ளாது. பயிர்க் காப்பீட்டில் எவரும் சேராத ஊர்களை எடுக்க ஒருவர் எழுதுகிறார்:

செலக்ட் எண், பெயர் ஃப்ரம் ஊர்கள்
வேர் எண் நாட் இன் (செலக்ட் ஊர்_எண் ஃப்ரம் காப்பீடு);

பல மாதங்கள் இது சரியாக ஓடுகிறது. ஒரு நாள் காப்பீடு அட்டவணையில் ஊர்_எண் நிரப்பப்படாத ஒரு விண்ணப்பம் பதிவாகிறது. அன்று முதல் இந்த வினவல் ஒரு பதிவைக்கூடத் தராது.

காரணம் எஸ்கியூஎல் மொழியின் மூன்று நிலை தர்க்கம். 'நல்' என்றால் "மதிப்பு தெரியவில்லை" என்று பொருள். எண் நாட் இன் (12, 15, நல்) என்பதைத் தரவுத்தளம் எண் <> 12 அண்ட் எண் <> 15 அண்ட் எண் <> நல் என்று விரிக்கிறது ('<>' என்றால் 'சமமன்று'). ஊரின் எண் 20 என்றால் முதல் இரண்டு ஒப்பீடுகளும் உண்மை. மூன்றாவது உண்மையும் அன்று, பொய்யும் அன்று; தெரியாத ஒன்றோடு 20 சமமா இல்லையா என்று சொல்ல இயலாது. உண்மையையும் 'தெரியாது' என்பதையும் 'அண்ட்' கொண்டு இணைத்தால் 'தெரியாது' என்றே வரும். 'வேர்' பகுதியோ முழு உண்மையை மட்டுமே உள்ளே விடும். எண் 12 ஆக இருந்தால் முதல் ஒப்பீடே பொய். ஆக, எந்த எண்ணைக் கொடுத்தாலும் முழு உண்மை கிடைக்க வழியே இல்லை. 'இன்' இதே 'நல்' மதிப்பால் பாதிக்கப்படாமல் இருப்பது போலத் தோன்றுவதற்கு, அது 'ஆர்' கொண்டு விரிவதே காரணம். ஓர் ஒப்பீடு உண்மையானாலே அங்கே முழுவதும் உண்மையாகிவிடுகிறது.

உள்வினவலோடு (வினவலுக்குள் அடங்கிய வினவலோடு) விலக்க வேண்டிய இடங்களில் எல்லாம் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்பதையே எழுதுங்கள்:

செலக்ட் ஊ.எண், ஊ.பெயர் ஃப்ரம் ஊர்கள் ஊ
வேர் நாட் எக்ஸிஸ்ட்ஸ்
(செலக்ட் 1 ஃப்ரம் காப்பீடு கா வேர் கா.ஊர்_எண் = ஊ.எண்);

இங்கே ஊ, கா என்பவை அட்டவணைகளுக்கு இட்ட சுருக்கப் பெயர்கள். ஊர்_எண் இல்லாத விண்ணப்பம் எந்த ஊரோடும் பொருந்தாது. ஆகவே அது விடையைக் கெடுக்காது. உள்வினவலுக்குள் ஊர்_எண் இஸ் நாட் நல் என்று சேர்த்தாலும் தீர்வு கிடைக்கும் என்றாலும், அதைச் சேர்க்க ஒவ்வொரு முறையும் நினைவு வைத்திருக்க வேண்டும். கையால் எழுதிய மாறாப் பட்டியலுக்கு 'நாட் இன்' பயன்படுத்துவதில் இந்த இடர் இல்லை. ஆனால் அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பருவம் நாட் இன் ('குறுவை') என்று கேட்டால், பருவமே நிரப்பப்படாத பதிவுகளும் சேர்ந்தே விடுபடும். அவையும் வேண்டும் என்றால் ஆர் பருவம் இஸ் நல் என்று அடைப்புக்குறிக்குள் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.

அனைத்துமே இருக்க வேண்டும்

ஒரே சாகுபடி ஆண்டில் குறுவையும் தாளடியும் செய்த இருபோக ஊர்கள் எவை? பருவம் = 'குறுவை' அண்ட் பருவம் = 'தாளடி' என்று எழுதினால் விடை வெறுமையாகவே வரும்; ஒரு பதிவில் பருவம் ஒன்றுதான் இருக்க முடியும். பருவம் இன் ('குறுவை', 'தாளடி') என்று எழுதினால் இரண்டில் ஒன்று மட்டும் செய்த ஊரும் வந்துவிடும். இங்கே கேள்வி தனித்தனிப் பதிவைப் பற்றியது அன்று, ஓர் ஊரின் பதிவுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கேள்வி. ஆகவே தொகுத்து எண்ண வேண்டும்:

செலக்ட் ஊர்_எண்
ஃப்ரம் சாகுபடி
வேர் ஆண்டு = 2023 அண்ட் பருவம் இன் ('குறுவை', 'தாளடி')
குரூப் பை ஊர்_எண்
ஹேவிங் கவுண்ட்(டிஸ்டிங்க்ட் பருவம்) = 2;

இதில் 'டிஸ்டிங்க்ட்' என்பதை விட்டுவிடக் கூடாது. ஓர் ஊரில் குறுவைக்கு ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என இரண்டு ரகங்கள் பயிரிடப்பட்டிருந்தால் குறுவைக்கே இரண்டு பதிவுகள் இருக்கும். வெறும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், தாளடியே செய்யாத அந்த ஊரும் இருபோக ஊராகிவிடும். கடைசியில் உள்ள 2 என்பது பட்டியலின் நீளம். பட்டியல் மாறினால் அதுவும் மாற வேண்டும் என்பதால், நிரலிலிருந்து வினவலை அமைப்பவர்கள் அந்த எண்ணையும் பட்டியலிலிருந்தே கணக்கிட்டு அனுப்ப வேண்டும்.

தொடர்புசார் தரவு மாதிரியை 1970இல் முன்வைத்த எட்கர் காட், இவ்வகைக் கேள்விக்கு 'வகுத்தல்' என்றே ஒரு தனிச் செயலை வரையறுத்தார். எஸ்கியூஎல் மொழியில் அதற்கெனத் தனிச் சொல் இல்லாததால்தான் இப்படித் தொகுத்து எண்ணும் வழியை நாட வேண்டியிருக்கிறது.

"இவ்விரண்டும் இருக்க வேண்டும், வேறெதுவும் இருக்கக் கூடாது" என்று கேள்வி இறுகினால், 'வேர்' பகுதியில் உள்ள பருவ நிபந்தனையை எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் பிற பருவங்கள் எண்ணுவதற்கு முன்பே மறைந்துவிடும். பிறகு 'ஹேவிங்' பகுதியை இப்படி எழுத வேண்டும்:

ஹேவிங் கவுண்ட்(டிஸ்டிங்க்ட் பருவம்) = 2
அண்ட் சம்(கேஸ் வென் பருவம் இன் ('குறுவை', 'தாளடி') தென் 0 எல்ஸ் 1 எண்ட்) = 0

நிரலிலிருந்து பட்டியலை அனுப்புதல்

இணையப் பக்கத்தில் பயனர் ஐந்து வட்டங்களைத் தேர்ந்தெடுக்கிறார். அவற்றை வினவலுக்குள் எப்படிக் கொண்டுசெல்வது? பெயர்களைக் காற்புள்ளியால் கோத்து வினவலின் சரத்தோடு (எழுத்துத் தொடரோடு) ஒட்டுவதுதான் முதலில் தோன்றும் வழி; அதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள். பயனர் அனுப்பும் எழுத்துகளுக்கு நடுவே ஒரு மேற்கோள்குறி இருந்தால், அதற்குப் பின் வருவதெல்லாம் கட்டளையாகவே படிக்கப்படும். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்னும் தாக்குதல் நுழையும் வாசல் இதுவே. மதிப்புகள் எப்போதும் பாராமீட்டர்களாகவே, அதாவது வினவலின் உரையில் கலக்காமல் தனியாகவே, செல்ல வேண்டும்.

புதியவர்கள் இங்கே ஒரு குழப்பத்தைச் சந்திப்பார்கள். வட்டம் இன் (?) என்று எழுதி, 'கும்பகோணம்,பட்டுக்கோட்டை' என்ற சரத்தை அந்த ஒரு கேள்விக்குறிக்குக் கொடுத்தால் எதுவும் கிடைக்காது. ஒரு பாராமீட்டர் என்பது ஒரு மதிப்பு. காற்புள்ளியோடு கூடிய அந்த நீண்ட பெயரில் ஒரு வட்டம் இருக்கிறதா என்றே தரவுத்தளம் தேடும். பட்டியலில் எத்தனை மதிப்புகளோ அத்தனை கேள்விக்குறிகளை நிரல் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைக் கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோருக்கு இதைவிட நல்ல வழி உண்டு: வட்டம் = எனி($1) என்று எழுதி, முழுப் பட்டியலையும் ஓர் அரேயாக (பல மதிப்புகளின் தொகுப்பாக) ஒரே பாராமீட்டரில் அனுப்பலாம். பட்டியலின் நீளம் மாறினாலும் வினவலின் வடிவம் மாறாது. எஸ்கியூஎல் சர்வரில் இதே பணியை அட்டவணை வகைப் பாராமீட்டர் செய்கிறது.

பட்டியல் வெறுமையாக வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். 'இன்' அடைப்புக்குறிக்குள் எதுவும் இல்லை என்றால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் ஆகியவை அதை இலக்கணப் பிழையாக நிராகரிக்கும். எஸ்கியூலைட் ஏற்றுக்கொண்டு வெற்று விடை தரும். அதைவிட முக்கியமானது பொருள்: பயனர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் எல்லா வட்டங்களையும் காட்டுவதா, ஒன்றையும் காட்டாதிருப்பதா? அழிக்கும் கட்டளைகளில் இக்கேள்விக்குத் தவறான விடை எழுதிவிட்டால், முழு அட்டவணையே காலியாகிவிடும்.

நீளத்துக்கும் வரம்பு உண்டு. எஸ்கியூஎல் சர்வர் ஒரு வினவலில் 2,100 பாராமீட்டர்கள் வரையே ஏற்கும். எஸ்கியூலைட்டில் 3.32 பதிப்புக்கு முன் இயல்பு வரம்பு 999. அதன் பின் 32,766. போஸ்ட்கிரெஸ் 65,535 வரை ஏற்கும். ஆரக்கிள் 23ஏஐ பதிப்புக்கு முன்பு வரை ஒரு 'இன்' பட்டியலில் 1,000 மதிப்புகளுக்கு மேல் அனுமதித்ததில்லை. இந்த வரம்புகளை எட்டும் முன்பே, பட்டியலை ஒரு தற்காலிக அட்டவணையில் ஏற்றி அதோடு ஒப்பிடுவதுதான் முறை.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக: வடிகட்டும் புலத்தில் இன்டெக்ஸ் (விரைந்து தேட உதவும் சுட்டுப்பட்டியல்) இருக்க வேண்டும், இருக்கும் இன்டெக்ஸ் பயன்படுகிறதா என்பதை, வினவல் இயங்கும் வழியைக் காட்டும் 'எக்ஸ்பிளெயின்' கட்டளையால் பார்த்துவிட வேண்டும். மைஎஸ்கியூஎல், பட்டியலில் உள்ள ஒவ்வொரு மதிப்புக்கும் எத்தனை பதிவுகள் கிடைக்கும் என்று இன்டெக்ஸில் இறங்கி மதிப்பிடும் வழக்கத்தை, இயல்பாக 200 மதிப்புகளை எட்டியதும் கைவிட்டுப் பொதுப் புள்ளிவிவரத்தை நம்பத் தொடங்கும். சிறு பட்டியலில் விரைவாக ஓடிய வினவல் பெரிய பட்டியலில் திடீரென மெதுவாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே புலத்துக்குள் காற்புள்ளியிட்டுப் பல மதிப்புகள்

'குறுவை,தாளடி' என்று ஒரே புலத்தில் கோத்து வைத்திருக்கும் அட்டவணைகளை அலுவலகங்களில் அடிக்கடி காணலாம். அங்கே 'இன்' உதவாது. லைக் '%சம்பா%' என்று தேடினால் 'பின்சம்பா'வும் சேர்ந்து வரும். அதோடு எந்த எழுத்துகளும் வரலாம் என்று குறிக்கும் '%' முன்னால் இருப்பதால் வழக்கமான இன்டெக்ஸும் பயன்படாது. மைஎஸ்கியூஎல் 'ஃபைண்ட்_இன்_செட்' என்றும், எஸ்கியூஎல் சர்வர் 2016 முதல் 'ஸ்ட்ரிங்_ஸ்ப்ளிட்' என்றும் வழி வைத்திருக்கின்றன. இவை தற்காலிக உதவி மட்டுமே. அந்தப் புலத்தைப் பிரித்து, ஒரு பதிவுக்கு ஒரு பருவம் என்று தனி அட்டவணையாக்குவதுதான் தீர்வு.

தமிழ்ப் பெயர்கள் பொருந்தாமல் போகும்போது

கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரண்டு சொற்கள் தரவுத்தளத்துக்கு வெவ்வேறாக இருக்கலாம். 'கும்பகோணம்' என்பதில் உள்ள 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு 'ோ' என்ற ஒரே குறியாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாக. திரையில் வேறுபாடே தெரியாது. பைட்டுகள் வேறு என்பதால் ஒப்பீடு தவறும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு இவ்விரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. பைத்தானில் 'யூனிகோட்டேட்டா' தொகுதி அதே வேலையைச் செய்கிறது. தேடும்போது மாற்றுவதைவிட, தரவு உள்ளே நுழையும்போதே மாற்றிவிடுவது நல்லது.

இந்தச் சீராக்கத்தாலும் தீராதவை உண்டு. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் 'ள' என்ற எழுத்தையும் தட்டச்சு செய்திருந்தால், யூனிகோடு அவற்றை ஒன்றாகக் கருதாது. 'ஸ்ரீ' என்ற எழுத்தும் இருவேறு குறியீட்டு வரிசைகளில் புழங்குவதால், ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற பெயர்களில் சிக்கல் வரும். இவற்றுக்கு வெளிப்படையான மாற்றுவிதிகளை நாமே எழுத வேண்டும். பெயரின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களை நீக்குவதும் இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய பணி. எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் பெயரைக் கொண்டு வடிகட்டாமல், வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் எண்களை ஒதுக்கி அவற்றைக் கொண்டு வடிகட்டுங்கள்.

பெயரைக் கொண்டு தேடித்தான் ஆக வேண்டும் என்றால், பட்டியலில் கொடுத்த பெயர்களில் எவை ஒரு பதிவோடும் பொருந்தவில்லை என்பதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 'இன்' இதை ஒருபோதும் தானாகச் சொல்லாது. பொருந்தாத பெயரை அப்படியே கடந்து சென்றுவிடும். போஸ்ட்கிரெஸிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் இதற்கான வினவல் இப்படி அமையும்:

செலக்ட் தேடல்.பெயர்
ஃப்ரம் (வேல்யூஸ் ('கும்பகோணம்'), ('பட்டுக்கோட்டை'), ('பாபநாசம்')) அஸ் தேடல்(பெயர்)
லெஃப்ட் ஜாயின் ஊர்கள் ஆன் ஊர்கள்.வட்டம் = தேடல்.பெயர்
வேர் ஊர்கள்.எண் இஸ் நல்;

எஸ்கியூஎல் சர்வரில் தமிழ்ச் சரங்களின் மேற்கோளுக்கு முன் 'என்' என்ற முன்னொட்டைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். இந்த வினவல் ஒரு பெயரையும் திருப்பித் தராவிட்டால் பட்டியல் முழுவதும் பொருந்தியிருக்கிறது. 'கும்பகோணம்' மட்டும் திரும்பி வந்தால், அந்த வட்டத்தின் பதிவுகள் அட்டவணையில் எந்த எழுத்து வரிசையில் சேமிக்கப்பட்டுள்ளன என்பதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.